அச்சுக்கு முன்னால் யார் படித்தார்கள்?

முதல் புத்தகம் போட நினைக்கிறவனுக்குத் தமிழில் உதவிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது என்றுதான் சொல்லத் தோன்றும். சிறுகதைப் போட்டிகள், வாசகர் சந்திப்புகள், முகாம்கள். இளங்கவிஞர்களுக்குக் குமரகுருபரன் பெயரில் விஷ்ணுபுரம் வட்டம் விருது தருகிறது. ஜெயமோகனின் 'எழுதும் கலை' கிடைக்கிறது. மொழி அறக்கட்டளை கொண்டுவந்த 'தமிழ் நடைக் கையேடு' இருக்கிறது. காற்புள்ளியை எங்கே வைப்பது, சொல்லை எங்கே பிரிப்பது என்று அந்த அளவுக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்த இன்னொரு புத்தகத்தை நான் பார்த்ததில்லை. இவ்வளவு இருந்தும் பெண்ணாடத்தில் உட்கார்ந்து கதை எழுதுகிற ஒரு பையனுக்கு ஒன்று மட்டும் கிடைப்பதில்லை. அவன் எழுதியதைப் பென்சிலும் கையுமாகப் படிக்கிற ஒரு ஆள்.

இதைச் சும்மா புலம்பலாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு ஆள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்க பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திட்டக்குடி வட்டாரத்துக் கழுதூரைச் சேர்ந்த இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்'. 1994இல் க்ரியா வெளியிட்டது. சுந்தர ராமசாமி அதைத் தூக்கிக் கொண்டாடினார். தலித் விமர்சகர்கள் தரப்பிலிருந்து கடுமையான எதிர்ப்பும் வந்தது. அந்தச் சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பிரதி அச்சுக்குப் போவதற்கு முன்னால் க்ரியா ராமகிருஷ்ணன் என்ற ஒருவர் அதை வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பது. அவர் எப்படித் துருவித் துருவிக் கேள்வி கேட்பார் என்பதை இமையமே பல இடங்களில் பேசியிருக்கிறார்.

நாவலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தலித்துகளுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம், வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குகிறாள், களத்துமேட்டில் தன் பங்குத் தானியத்துக்காக நிற்கிறாள். அந்தப் பங்கு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. ஆசிரியர் குறுக்கே வந்து நமக்காக அழுவதில்லை, அழுகிறதெல்லாம் ஆரோக்கியம்தான். முதல் நாவல் எழுதுகிறவனுக்கு இந்த அடக்கம் சுலபத்தில் வராது. இதில் எது எழுதியவனின் கட்டுப்பாடு, எது எடிட்டரின் கத்தரி என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. வேலை சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

எடிட்டிங் என்றதும் நம்ம பையன்களுக்கு ஒரு பயம் வரும். "என் பேச்சு வழக்கை அழிச்சிடுவாங்கண்ணே." நியாயமான பயம்தான். நடுநாட்டுப் பேச்சைக் கேட்டுச் சென்னையில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யை 1992இல் கொண்டுவந்து எழுத்துத் தமிழுக்கு ஒரு தரத்தை வரையறுக்கப் பார்த்த அதே பதிப்பகம், 2015இல் இமையத்தின் ஒரு நாவலுக்கு அட்டையிலேயே 'எங் கதெ' என்று போட்டது. 'என் கதை' என்று திருத்தவில்லை. கதை முழுக்க அந்த ஆள் பேசுகிற பேச்சிலேயே ஓடுகிறது. பொது விதி தெரிந்த எடிட்டருக்குத்தான் அதை எங்கே மீறலாம் என்பதும் தெரிகிறது. விதியே தெரியாமல் விட்டுவிடுவதை வட்டார வழக்குக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது, விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரனின் வழி. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே 'அஞ்சலை'யை எழுதியவர். நாவல்களோடு நிற்காமல் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒன்றைத் தொகுத்தார். ஒரு நாவலாசிரியர் தன் சொற்களுக்குத் தானே அகராதி போட்டு, இந்தா பார் என்று நீட்டியிருக்கிறார். முந்திரிக் காட்டில், களத்தில், அடுப்படியில் புழங்குகிற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று எடிட்டர் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. இளைஞர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான். எழுத்துப் பட்டறைகளெல்லாம் அப்புறம்.

(ஊர்ப் பெருமை ஒன்று, சொல்லிவிட்டுப் போகிறேன். எங்க பெண்ணாகடத்து மெய்கண்டார் சிவஞானபோதத்தில் எழுதியது 12 சூத்திரம். அது நிலைத்ததற்கு ஒரு காரணம், அருணந்தி சிவாச்சாரியார் என்ற ஒரே ஒரு வாசகர் அதை எடுத்து சிவஞான சித்தியாராக விரித்தது. தொடக்கத்தில் அவர் சண்டை போடத்தான் வந்தார் என்று கதை சொல்வார்கள்.)

இப்போது என்ன மாறியது? பணம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மாறியிருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கினார். புதுக்கவிதை எழுதிய இளைஞர்களைத் திரட்டி 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பைப் போட்டார். புத்தகங்களைப் பையில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். நட்டம் அவருடையது. தன் காசைப் போடுகிறவன் எதைப் போடுகிறோம் என்று பத்து தடவை படிப்பான். சிவகங்கையில் கவிஞர் மீரா நடத்திய அன்னத்துக்கும் இதுதான் கணக்கு. இப்போது டிஜிட்டல் அச்சு வந்துவிட்டது, 50 பிரதிகூடப் போடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 50 பிரதிக்கான காசை எழுதுகிறவனே கட்டிவிட்டால் பதிப்பாளருக்கு நட்டமும் இல்லை, படிக்க வேண்டிய அவசரமும் இல்லை. எல்லாப் பதிப்பகமும் இப்படி என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் ராத்திரி கண்விழித்து மெய்ப்புப் பார்க்கிற சின்னப் பதிப்பாளர்கள் உண்டு. அவர்களிடம் பிரதி கொடுத்தால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். நம்ம பையன்கள் புத்தகக் கண்காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்று நிற்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் 22,000 ரூபாய் கட்டினான். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். 11 கதைகள். வெள்ளாற்று மணல் பற்றிய கதை ஒன்று அதில் உண்மையிலேயே நல்ல கதை. அந்தக் கதையில் நடுவே ஒரு பத்தி இரண்டு முறை அச்சாகியிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் செத்துப்போன தாத்தா ஏழாம் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறார். வெளியீட்டு விழாவில் ஆறு பேர் பேசினார்கள், ஒருத்தரும் தாத்தாவைப் பற்றிப் பேசவில்லை. நம் கூட்டங்களின் லட்சணம் இது. மைக் தாராளமாகக் கிடைக்கும், சால்வை கிடைக்கும், "தொடர்ந்து எழுதுங்கள்" கிடைக்கும். ஒரு இளம் எழுத்தாளரை அவமானப்படுத்தாமல், அதே சமயம் பொய்யும் சொல்லாமல், ஏழாம் பக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அதை நாம் வளர்க்கவே இல்லை. ராமகிருஷ்ணன் 2020 நவம்பரில் போனபோது வந்த அஞ்சலிகளில் பாதி அகராதியைப் பற்றியவை. எடிட்டர் என்ற வேலையையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது.

அந்தத் தம்பியிடம் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் ராஜாராம் மோகன்ராய் முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. பதிப்புரிமை விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கொடுத்ததாக அர்த்தம். எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் 5 வருஷம்தான். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். பதிப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ராயல்டி எத்தனை சதவீதம் என்பதில்லை. என் பிரதியை யார் படிப்பார், அவர் குறித்துக் கொடுப்பதை நான் பார்க்கலாமா என்பதுதான். இதற்கு நேராகப் பதில் வராவிட்டால் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

தம்பியிடம் எழுத்தில் ஒப்பந்தம் எதுவுமே இல்லை. அதனால் உரிமை முழுக்க இன்னும் அவனிடமே இருக்கிறது. இப்போது நாங்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியை நடுவில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்காருகிறோம். 11 கதையில் 4 போய்விட்டது. தாத்தாவைச் சாகடிப்பதா, உயிரோடு விடுவதா என்பதில் மூன்று வாரமாகச் சண்டை. அவர் உயிரோடு இருந்தால்தான் மணல் லாரிக்காரன் வருகிற இடம் நிற்கும் என்கிறான் ஒருத்தன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.