பெயர் வெட்டிய பாத்திரம்

செஞ்சியில் நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு பொருள்களைப் பார்த்தேன். ஒன்று, மேலே தவிட்டு நிறமும் கீழே வெள்ளையுமான பழைய ஊறுகாய் ஜாடி. மற்றது ஐம்பதுகளில் வெளிவந்த ஒரு கவிதைத் தொகுப்பு, முதல் பதிப்பு, உள்ளே ஆசிரியரின் கையெழுத்து. இரண்டையும் அவர் வெளியூரில் நடந்த ஓர் ஏலத்தில் எடுத்திருக்கிறார். நண்பர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சிற்றிதழ்களுக்கு நெடுங்காலம் சந்தா கட்டிப் படித்தவர், சில இதழ்கள் நின்றுபோன பிறகும் சந்தா அனுப்பியவர். ஆகவே அவரைப் பற்றி எழுதுவது நம்மைப் பற்றி எழுதுவதுதான்.

புத்தகத்தை வாங்கிப் பிரிக்கப் போனேன். "பாத்து சார், ரொம்ப விரிக்காதீங்க. தாள் ஒடிஞ்சிடும்" என்றார். விரிக்கவும் முடியாது. முதல் பாரத்தின் மடிப்புகள் மட்டும் வெட்டப்பட்டிருந்தன. மீதிப் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. கையெழுத்து இன்னொரு எழுத்தாளருக்கு 'அன்புடன்' போட்டது. அன்பைப் பெற்றுக்கொண்ட எழுத்தாளர் முதல் பாரத்தைத் தாண்டவில்லை. அவருக்குப் பிறகு எத்தனை கைகள் மாறியதோ, ஒருவரும் தாண்டவில்லை. ஏலக்காரர்களின் பட்டியலில் இது ஒரு சிறப்பாகவே குறிக்கப்பட்டிருந்ததாம்: 'பக்கங்கள் வெட்டப்படாதது'. வாசகனுக்கு வெட்கமான விஷயம் சேகரிப்பவனுக்கு மதிப்பாகிவிடுகிறது. எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஆசை வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் இருந்த கவிதைகளின் மேல் அல்ல.

'ஏலம்' போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். ஆனால் ஏலத்தில் கூவும்போது நாம் சொல்கிற 'தரம்' நம்முடையது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். விமர்சனத்திலும் நாம் ஓயாமல் பயன்படுத்தும் சொல் தரம்தான். ஒரே சொல் ஓரிடத்தில் எண்ணிக்கை, மற்றோரிடத்தில் மதிப்பு. ஏலக் கூடத்தில் முதல் அர்த்தம் இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. மூன்று தரம் கூவி முடித்ததும் பொருளின் தரம் முடிவாகிவிட்டது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

சட்டமும் இதற்கு உதவாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டுகள் ஆன பொருளைத் தொல்பொருள் என்கிறது. அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை மதிப்புள்ள சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் போதும். ஒரு சட்டம் வயதைத்தான் அளக்க முடியும், அதில் தவறில்லை. நாமும் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு, பழையதாகிவிட்டது, கிடைப்பதில்லை, ஆகவே நல்லது என்று முடிவு கட்டும்போதுதான் சங்கடம்.

ஏலம் என்றாலே இழிவு என்று சொல்ல வரவில்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூரை அடுத்த ஒட்டனந்தல் முருகன் கோவிலில், பங்குனி உத்திரத் திருவிழாவில் வேலில் குத்திய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். ஒரு பழம் பல ஆயிரங்களுக்குப் போகும். சிரிப்பது சுலபம். ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை வரம் கேட்டு ஏலம் எடுத்தவர்கள் அந்தப் பழத்தை உண்கிறார்கள். அலமாரியில் வைப்பதில்லை, அடுத்த வருஷம் அதிக விலைக்கு விற்பதில்லை. அந்த விலை ஒரு நம்பிக்கைக்குக் கொடுத்தது. பொருள் உடம்புக்குள் போய்விடுகிறது. நண்பரின் ஜாடியில் ஊறுகாய் போட முடியாது, புத்தகத்தைப் படிக்க முடியாது. உபயோகத்தைத் துறந்த பிறகே அவற்றுக்கு விலை பிறந்திருக்கிறது. எலுமிச்சம்பழ ஏலத்தைப் பாமரம் என்றும் இதை ரசனை என்றும் அழைப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

செஞ்சியிலிருந்து தென்கிழக்கே போனால் புதுச்சேரி. அதை ஒட்டி அரிக்கமேடு. 1930களில் ழூவோ துப்ரேல் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அங்கே கிடைத்த மணிகளையும் சில்லுகளையும் சேகரித்தார். 1944இல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஒரு ரோமானிய மதுச்சாடியின் உடைசலைக் கண்டு அதன் ஊரை விசாரித்தார். 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்தார். கிடைத்தவற்றில் இத்தாலியின் அரெட்டைன் சிவப்புப் பாண்டங்கள் சில. அவற்றின் அடியில் பட்டறைக்காரர்களின் முத்திரைகள்: விபியஸ், கமூரியஸ் என்ற பெயர்கள். பானை செய்தவன் கையொப்பமிட்டிருக்கிறான். அந்த வகைப் பாண்டத்தின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்ததால், கூடவே கிடந்த பெயரில்லாத நாட்டு ஓடுகளுக்கும் காலம் கிடைத்தது. பெயரால் பயனில்லை என்று நான் சொன்னால் இந்த ஓடுகள் என்னைப் பொய்யனாக்கும்.

ஆனால் அதே குழியில் இன்னொரு பாடமும் கிடந்தது. உள்பக்கம் வட்டவட்டமாகப் புள்ளிக் கோலம் உருட்டிய மெல்லிய கருஞ்சாம்பல் தட்டுகள். வீலர் அவற்றையும் மத்தியதரைக் கடல் சரக்கு என்றே கருதினார். பின்னால் மண்ணைச் சோதித்துப் பார்த்தபோது அந்தத் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்திய மண்ணில் செய்தவை என்று ஆயிற்று. தட்டு மாறவில்லை; கோலம் மாறவில்லை; அதன் பிறப்பிடம் மட்டும் மாறியது. ரோமாபுரி என்றிருந்தபோது வியந்தவன், உள்ளூர் என்றதும் வியப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அவன் தட்டை ஒருநாளும் பார்க்கவில்லை என்று பொருள். நம்மிடையே மொழிபெயர்ப்புக் கவிதைகளுக்குக் கிடைக்கும் மரியாதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தமிழகத்து ஓடுகளிலும் பெயர்கள் உண்டு. தமிழ் பிராமி எழுத்தில் அரிக்கமேட்டில், கொடுமணலில், அழகன்குளத்தில், அண்மையில் கீழடியில். ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் படித்திருக்கிறார்கள். எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல் காதிமில் கிடைத்த ஜாடி ஓட்டில் 'பானை ஒறி' என்று இருந்ததை ஐராவதம் மகாதேவன் படித்தார். இத்தாலிய முத்திரைக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசம். அங்கே பச்சை மண்ணில் முத்திரை வைத்தவன் பட்டறைக்காரன். இங்கே எழுத்துகள் பெரும்பாலும் சுட்ட பிறகு கீறப்பட்டவை. அந்தப் பெயர் பானையை வனைந்தவனுடையது என்று கொள்ள இடமில்லை; வைத்திருந்தவனுடையது என்று கொள்வதே பொருத்தம். நம் மரபில் பாத்திரத்தின் மேல் இருப்பது உடையவனின் கையொப்பம்.

இது இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. பித்தளைக் குடம், எவர்சில்வர் தூக்கு, சீர்வரிசைத் தாம்பாளம் எதுவானாலும் பாத்திரக் கடையில் பெயர் வெட்டி வாங்குகிறோம். பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், கல்யாணத் தேதி. வார்த்தவன் பெயரைக் கேட்பவர் யார்? அந்தக் குடமே அடகுக் கடைக்குப் போய், மீட்காமல் ஏலத்துக்கு வந்தால், வெட்டிய பெயரை அரம் போட்டு ராவியும் விற்பார்கள். ராவிய தழும்பின் மேல் அடுத்த பெயர் ஏறும். நண்பரின் புத்தகத்தில் கவிஞரின் கையெழுத்துக்கு மேலே, ஓரமாக, ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது: நண்பரின் பெயரும் விலாசமும்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கல்யாண மஹாலின் சுவர்களையும் களஞ்சியத்தின் சுவர்களையும் பார்க்க வேண்டும். எட்டுகிற உயரம் வரை பெயர்கள். ஆணியால் கீறிய காதலர் பெயர்கள், கல்லூரிகளின் பெயர்கள், வருஷங்கள். படித்தவர்கள் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்கிறோம். சரிதான். ஆனால் அதற்கு முன் அங்கே வந்தவர்கள் செய்தது என்ன? 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் முகலாயர் பிடித்தனர். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் தம் பெயரைக் கோட்டை மேல் வெட்டிவிட்டுப் போனவர்கள்தாம். அடிவாரத்து வேங்கடரமணர் கோவில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவை. சேகரிப்பு என்பது ஏலத்துக்கு வருமுன் கொள்ளையாக இருந்தது.

காந்தி கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கினார், ஹரிஜன நிதிக்காக. அவர் தம் கையெழுத்தின் விலையைத் தாமே நிர்ணயித்து, அதைத் தம்மிடமிருந்து அகற்றி, வேறொன்றின் உபயோகத்துக்குத் திருப்பிவிட்டார். 2009இல் நியூயார்க்கில் அவருடைய கண்ணாடியும் செருப்பும் கடிகாரமும் சாப்பிட்ட தட்டும் கிண்ணமும் ஏலத்துக்கு வந்தபோது பதினெட்டு லட்சம் டாலருக்குப் போயின. எடுத்தவர் மதுபான வியாபாரி விஜய் மல்லையா. இந்த முரணைச் சொல்லி நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு உறைப்பது வேறு. ஐந்து ரூபாய் கொடுத்தவனிடம் ஒரு செயல் கேட்கப்பட்டது. பதினெட்டு லட்சம் கொடுத்தவரிடம் பணத்தைத் தவிர எதுவும் கேட்கப்படவில்லை.

செஞ்சியை இன்று எல்லோருக்கும் தெரிவது தேசிங்கு ராஜனால். தேஜ்சிங் ஆண்டது மாதக் கணக்கில்தான். 1714இல், இருபதுகளின் தொடக்கத்தில், ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். அவன் பெயர் நின்றது எந்தக் கையொப்பத்தாலும் அல்ல. ஊர் ஊராகக் கதை பாடியவர்களால் நின்றது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

இன்னும் பின்னால் போனால், புறநானூற்றின் 256ஆம் பாட்டு. கணவனை இழந்த ஒருத்தி குயவனை விளித்து, தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். பாடியவர் பெயர் தெரியவில்லை. அவள் பெயர் தெரியாது. குயவன் பெயரும் தெரியாது. மூன்று பெயரின்மைகளுக்கு நடுவே அந்தத் தாழி மட்டும் முழுசாக நிற்கிறது. அதை ஏலத்தில் எடுக்க வழியில்லை. வாய்விட்டுப் படித்தால் மட்டுமே கிடைக்கும். குறுந்தொகையைத் தொகுத்தவர்களோ பெயர் தெரியாதபோது பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துப் புலவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படித்தான் உண்டானார். கையெழுத்தைக் கொண்டு கவிதையை மதிக்காமல், கவிதையைக் கொண்டு கையெழுத்தை உண்டாக்கிய விமர்சனம் அது. நம்மிடம் இருந்திருக்கிறது. நாம்தான் விட்டுவிட்டோம்.

விட்டதற்குச் சாட்சி நம் பத்திரிகைகளே. மதிப்புரைப் பகுதியைப் புரட்டினால் யாருடைய புத்தகம் என்பதிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. பெயர்களின் வரிசையை அட்டையில் போடுகிறோம். ஒருவர் மறைந்ததும் சிறப்பிதழ். அதில் அவரோடு காப்பி குடித்த நினைவுகள், அவர் கடிதத்தின் நகல், கையெழுத்தின் பிளாக். ஒரு கவிதையை எடுத்து ஏன் அது கவிதை என்று சொல்லும் இரண்டு பக்கம் இருக்காது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' பிரதிகளையும் புத்தகங்களையும் மூட்டையாகச் சுமந்துபோய் விற்றவர். அந்தப் பழைய இதழ்களை இன்று விலைபேசித் தேடுகிறவர்களில், அதற்குள் நடந்த சண்டைகளைத் தொடர விரும்புகிறவர்கள் எத்தனை பேர்? நானும் இரண்டு ஆண்டுத் தொகுதிகளைத் தோல் கட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். கடைசியாக எப்போது பிரித்தேன் என்று நினைவில்லை.

சேகரிப்பதே குற்றம் என்று இதை வாசிக்க வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர். அந்தச் சம்பாத்தியத்தில் தமிழில் அச்சான எல்லாவற்றையும் சேர்த்தார். கல்யாணப் பத்திரிகையும் விளம்பரத் துண்டும் உட்பட. 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையிலேயே நூலகமாக வைத்தது. வேறெங்கும் கிடைக்காத புத்தகத்தை அங்கே போய் இன்று யாரும் படிக்கலாம். அவர் சேர்த்ததில் பெரும்பகுதி யாரும் விலை கேட்காத சரக்கு. விலை கேட்காததைச் சேர்த்தவனிடம் கடைசியில் வாசிப்பு வந்து சேர்ந்தது. அரிக்கமேட்டுச் சில்லைப் பொறுக்கி அருங்காட்சியக அலமாரிக்குள் வைத்த கைக்கும் இதே நியாயம்தான். அந்த அலமாரி திறந்திருந்தது.

புறப்படும்போது நண்பரிடம் கேட்டேன்: "ஒரு கத்தி குடுங்க சார், மீதிப் பக்கத்தை வெட்டிப் படிச்சிட்டுப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் புத்தகத்தைப் பார்த்தார். 2025இல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு ஊரில் எதற்கும் விலை ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், "வெட்டினா மதிப்பு போயிடும் சார்" என்றார்.

நம் விமர்சனம் பல வருஷங்களாகச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியமும் இதுதான். ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களை வெட்டினால் உள்ளே மட்டமான கவிதைகள் இருக்கலாம். அன்புடன் போட்ட கையெழுத்து அவற்றைக் காப்பாற்றாது. நல்ல கவிதைகளும் இருக்கலாம். எழுபது வருஷமாக ஒருவர் கண்ணும் படாமல். எது என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. மதிப்பு போகிறதானால் போகட்டும். அடுத்த முறை செஞ்சிக்குப் போகும்போது கத்தியை நானே எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.