விரும்பியதைக் கொடுங்கள்!

எழுதியதை இணையத்தில் இலவசமாக வெளியிட்டுவிட்டு, விரும்பியவர் விரும்பியதைத் தரலாம் என்று வங்கிக் கணக்கின் எண்ணைக் கீழே குறிப்பிடும் வழக்கம் நம் எழுத்தாளரிடையேயும் பரவி வருகிறது. 2007இல் றேடியோஹெட் என்னும் ஆங்கில இசைக்குழு தன் இசைத்தொகுதியின் விலையைக் கேட்போரே தீர்மானிக்கலாம் என்று அறிவித்தபோது உலகம் அதைப் புதுமை என்று வியந்தது. மட்டக்களப்பு வாவியின் கரைகளில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்க்கு இதில் வியப்பதற்கு அதிகமில்லை.

வடமோடியாயினும் தென்மோடியாயினும், சட்டம் கொடுத்தலில் தொடங்கும் கூத்து, சதங்கை அணிதல், அரங்கேற்றம் என மாதக்கணக்கில் வளரும். களரிக்கு நுழைவுச்சீட்டு இல்லை. அரங்கேற்றத்தின் பின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். வீட்டார் இயன்றதைக் கொடுப்பர். அது பிச்சையன்று. ஆடியவன் அவர்களோடு வயலில் நின்று அறுவடை செய்பவன். கொடாதவனும் மறுநாள் அவன் முகத்தில் விழிக்க வேண்டியவன். அந்தக் கொடைக்குப் பின்னால் ஓர் ஊர் நின்றது. இதைப் பொற்காலமென்று பாட நாம் வரவில்லை. மத்தளத்தை இறக்கியதும் மண்வெட்டியைத் தூக்கிய அண்ணாவிமாரே அதிகம்.

ஏட்டில் எழுதுவோன் நிலை வேறு. ஈழத்து எழுத்தாளன் பெரும்பாலும் தன் கைப்பணத்திலேயே நூலை அச்சிடுகிறான். பின்னர் வெளியீட்டு விழா. முதற் பிரதி, சிறப்புப் பிரதி. பிரமுகர்கள் ஒருவர்பின் ஒருவராக மேடையேறி, அட்டையில் உள்ள விலைக்கு மேற்பட்ட தொகையை உறையிலிட்டு நீட்டுவர். இதுவும் விருப்பக் கொடையே. ஆனால் முன்வரிசையில் யாரை அமர்த்துவது என்று எண்ணத் தொடங்கும் எழுத்தாளன், யாரைப் பற்றி எழுதாமல் விடுவது என்பதையும் உடன் எண்ணத் தொடங்குகிறான். வட்டிக்குக் கொடுப்பவர் சிறப்புப் பிரதி பெற்ற மேடையில், நுண்கடன் தவணைக்குத் தோட்டை விற்ற தாயின் கதை எப்படி எழும்?

இணையம் இந்த முன்வரிசையை அழித்தது. கொக்கட்டிச்சோலையில் ஒரு மாணவி தன் கைப்பேசியில் ஒரு சதமும் கொடாமல் புதுக்கவிதையைப் படிக்கிறாள். 2005இல் தொடங்கிய நூலகம் தளம் நன்கொடையையும் தன்னார்வலர் உழைப்பையும் கொண்டே ஈழத்து நூல்களை எவர்க்கும் திறந்து வைத்திருக்கிறது. இது மகத்தான மக்கள் பணி. இதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை.

எனினும், தனி எழுத்தாளனின் கணக்கில் பணம் போடுவோர் யார்? வாவியில் வலை வீசுபவனா? பெரும்பாலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் உறவினரே. (அவர்கள் அனுப்பினாலும் வந்து சேர்வது எளிதாக இருக்கவில்லை: நெடுங்காலம் பேபால் நிறுவனம் இலங்கையரைப் பணம் செலுத்த விட்டதேயன்றிப் பெற விடவில்லை.) அவர்களது அன்பு மெய்யானது. ஆயின் அது தாம் விட்டுச் சென்ற ஊரையே திரும்பத் திரும்பக் கேட்கிறது. நிலவும் மீன்பாட்டும் கல்லடிப் பாலமும் கொண்ட கவிதைக்குக் கொடை கிடைக்கும். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டதை எழுதும் தமிழனுக்கு எத்தனை பேர் காசு அனுப்புவர்? நம்முள் நிலவும் சாதியை எழுதுபவனுக்கு? பழைய வள்ளல் அரண்மனையில் இருந்தான். புலவன் அவன் முகத்தையேனும் கண்டான். புதிய வள்ளலின் முகம் தெரியாது; எது எழுதினால் பணம் வரும் என்பது மட்டும் தெரியும்.

ஆகவே கொடை வேண்டாம் என்பதன்று நம் வாதம். ஆயிரம் ரூபா அனுப்பும் ஒருவர் எழுத்தாளனை ஆட்டிவைக்கக் கூடும். இருபது ரூபா தரும் ஐம்பது பேரால் அது எளிதன்று. அந்த ஐம்பது பேரும் இவ்வாவிக்கரையிலேயே, தமிழரும் முஸ்லிம்களுமாக இருத்தல் வேண்டும். பிரதேச சபை நூலகங்கள் அச்சு நூல் வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, இலவசமாக வெளியிடும் எழுத்தாளர்க்கும் ஊதியமாக வழங்கக் கூடாதா? இக்கோரிக்கையை எழுத்தாளர் சங்கங்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னரே சபை உறுப்பினர்களிடம் எழுத்தில் கையளிக்கலாம்.