ஏழடி அகலத்தில் குடித்தனம்

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்ற படகை முதன்முறை பார்ப்பவர் அதன் நீளத்தைத்தான் பார்ப்பார். ஐம்பது அடி, அறுபது அடி. பெரியவை எழுபதையும் தாண்டும். பழகிய கண் அகலத்துக்குப் போகும். 6 அடி 10 அங்குலம். குளிர் தடுக்கும் நுரையும் மரப்பலகையும் சுவரில் எடுத்துக்கொண்டது போக, உள்ளே நின்று கைகளை விரித்தால் இரு பக்கச் சுவரும் ஏறக்குறைய விரல்நுனிக்கு எட்டும். இந்த அகலத்துக்குள் சமைத்து, குளித்து, துணி காயவைத்து, நாய் வளர்த்து, ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். படகின் அழகைப் பாடப் பலர் உண்டு. எனக்கு அதைவிட அதில் குடித்தனம் நடத்தும் கைத்திறன்தான் ரசிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

இந்த அகலம் சிக்கனக் கணக்கில் பிறந்தது. ஸ்டாஃபர்ட்ஷயரில் பீங்கான் தொழில் நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட்டுக்குக் கரடுமுரடான சாலைகளில் சரக்கு உடைந்துகொண்டே இருந்தது. அவரைப் போன்றவர்களின் ஆதரவோடு ட்ரென்ட்–மெர்சி கால்வாய் வேலை 1766-இல் தொடங்கியது. பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. வழியில் ஹேர்காசில் குன்று நின்றது. அதைக் குடைந்து ஏறக்குறைய 2,600 மீட்டர் சுரங்கம் போடவேண்டும். அகலத்தைக் கூட்டினால் செலவு கையைக் கடிக்கும். ஆகவே படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் 'லாக்' என்ற தண்ணீர்த் தொட்டிகளையும் ஏழடி அகலத்திலேயே கட்டினார்கள். சுரங்கம் முடிய 11 ஆண்டுகள் ஆயின; பிரிண்ட்லி 1772-இலேயே காலமாகிவிட்டார். உள்ளே, படகை இழுக்கும் குதிரை நடக்கக் கரைப்பாதைகூட விடவில்லை. படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்து இருட்டுக்குள் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்று மிச்சம் பிடித்த கணக்குதான் இன்றைக்கும் ஒருவர் தன் கட்டிலைக் குறுக்கே போடுவதா நெடுக்கே போடுவதா என்று தீர்மானிக்கிறது.

ரயில் வந்து சரக்குக் கூலி விழுந்தபோது, படகுக்காரர்கள் கரையில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு படகில் ஏறினார்கள். நிலக்கரிக்குப் படகின் பெரும்பகுதி. குடும்பத்துக்குப் பின்பக்கம் பத்தடிக்கும் குறைவான ஓர் அறை. நான் இதுவரை பார்த்த உள்ளறை அமைப்புகளில் மிகப் புத்திசாலித்தனமானது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். படியிறங்கியதும் இடப்பக்கம் கரியடுப்பு. அதற்கடுத்து ஒரு அலமாரி; அதன் கதவைக் கீழே மடக்கினால் சாப்பாட்டு மேசை. எதிர்ப்பக்கம் நீளப் பலகை, பகலில் உட்கார, இரவில் பிள்ளைகள் தூங்க. கோடியில் இன்னொரு அலமாரி. அதன் கதவு குறுக்கே விழுந்தால் பெற்றோரின் கட்டில். ஏறும் படியே கரிப்பெட்டி. ஒரே வேலை செய்யும் பொருளுக்கு அங்கே இடமில்லை. வேலையே இல்லாத பொருளுக்கு மட்டும் தாராளமாக இடம் கொடுத்தார்கள்: ஓரத்தில் துளைவேலை செய்த பீங்கான் தட்டுகள், பித்தளைக் குமிழ்கள், சரிகைத் திரைகள். அந்த முரண்பாடு எனக்குப் பிடிக்கும். நெரிசல் தாங்காமல் 1877-இல் சட்டம் வந்து, எத்தனை பேர் ஓர் அறையில் இருக்கலாம் என்று வரையறுத்தது. ஆக, ரசிக்கும்போது வறுமையை மறந்துவிடக்கூடாது. அந்தப் புத்திசாலித்தனத்தின் தாய் அதுதான்.

கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாவும் கோட்டையும் வரைவது படகுக்காரர்களின் மரபு. பிரான்ஸ்டன் ஊர்ப் படகுப் பட்டறையில் ஃபிராங்க் நர்சர் தீட்டிய ரோஜாக்களுக்கு இன்றும் மரியாதை. ஓர் இதழுக்கு ஒரு தீற்றல். திரும்பிப் போய்ச் செப்பனிடுவது கிடையாது. இப்போது அதையே ஒட்டுப்படமாக விற்கிறார்கள். பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். தெரியும்.

பிழைப்புக்காக இருந்த இந்த வாழ்க்கையை விருப்பத்துக்காக எடுத்துக்கொண்டவர்களில் முன்னோடி, பொறியாளர் எல்.டி.சி. ரோல்ட். கிரெஸ்ஸி என்ற பழைய மரப் படகை 1939-இல் பான்பரி ஊரின் டூலி பட்டறையில் வீடாக மாற்றிக்கொண்டு மனைவியுடன் புறப்பட்டார். படகுக்குள் குளியல் தொட்டியே வைத்தார்; அந்தக் காலத்துக்கு அது அடாவடி ஆடம்பரம். அந்தப் பயணத்தை எழுதிய 'நேரோ போட்' நூல் 1944-இல் வந்தது. அதைப் படித்துவிட்டு அவரைத் தேடி வந்த ராபர்ட் ஐக்மனோடு சேர்ந்து 1946-இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் கண்டார். ஐக்மன் பின்னாளில் அமானுஷ்யக் கதைகளால் பெயர் பெற்றவர். இருவரும் சண்டைபோட்டுப் பிரிந்தது தனிக் கதை. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தபின் சரக்குப் படகுத் தொழில் ஏறக்குறைய ஓய்ந்தது. கால்வாய்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன.

இனி இன்றைய குடித்தனத்துக்கு வருவோம். கரையில் இருப்பவருக்குத் தண்ணீர் என்றால் குழாய், நெருப்பு என்றால் ஒரு பொத்தான். படகில் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு. அந்த அளவு எந்நேரமும் ஆளின் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தேர்ந்தவருக்கு அளவுமானியே தேவைப்படாது. தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் முன்மூக்கின் அடியில் இருக்கும். நிரம்பியிருந்தால் மூக்கு தாழும். தீரத் தீர மேலே எழும். கரையில் நின்று பார்த்தே "நாளைக்குத் தண்ணீர் பிடிக்கப் போகணும்" என்று சொல்லிவிடுவார்கள். கூரையில் கரிமூட்டையை ஒரே பக்கம் அடுக்கினால் படகு சாயும், குளியலறையில் தண்ணீர் வடிகாலுக்கு வராமல் மூலையில் தேங்கும். சாய்வைச் சரிசெய்யத் தரைக்கடியில் செங்கல்லும் சிமெண்டுப் பலகையும் பாரமாகக் கிடக்கும். நல்ல படகில் மேசைமேல் வைத்த கோலிக்குண்டு உருளாது.

நெருப்பு இன்னும் நுட்பமானது. குளிர்காலத்தில் இரவு முழுக்க ஒரு சின்ன இரும்புக் கணப்பைத் தணலோடு வைத்திருப்பது ஒரு வித்தை. படுக்கப்போகுமுன் புகையில்லாக் கரியைப் போட்டு, கீழ்க்காற்றுத் துளையை மயிரிழை அளவுக்குத் திறந்துவைப்பார்கள். கூடினால் விடியுமுன் எரிந்து தீரும், குறைந்தால் அணைந்துபோகும். ஒவ்வொரு அடுப்புக்கும் ஒவ்வொரு சுபாவம். புகைபோக்கியில் வீசும் காற்றைப் பொறுத்து அதுவும் மாறும். இதை எந்தக் கையேடும் கற்றுத்தராது. ஆனால் காற்றுவழிகளை அடைப்பது மட்டும் கூடவே கூடாது. கூரையில் காளான் வடிவில் முளைத்திருக்கும் பித்தளைத் துவாரங்களிலும் கதவின் கீழ்க் கம்பிவலையிலும் குளிர் வருகிறதென்று துணி திணிப்பவர், கரிப்புகையின் மணமில்லா நஞ்சைத் தானே உள்ளே பூட்டிக்கொள்கிறார். 2019 ஏப்ரல் முதல் உறங்கும் வசதியுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். காற்றுவழி இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. எஃகுச் சுவர் வியர்க்கும் படகில் மெத்தைக்கடியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது. மெத்தைக்குக் கீழே பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட மரச்சட்டங்களைப் போடுங்கள்.

எரிவாயு சிலிண்டரை ஏன் முன்மூக்கில் தனிப் பெட்டியில் வைக்கிறார்கள்? அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே அந்தப் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை ஒன்று இருக்கும். இலைதழை அடைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சிலிண்டர் வாங்கும்போது புரோப்பேன் வாங்கவேண்டும். பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாக மறுக்கும். விடிகாலைக் காப்பிக்கு நிரம்பிய சிலிண்டரே கைவிரிக்கும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஈய–அமில மின்கலங்களைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அவற்றின் ஆயுள் குறையும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்புவது மெதுவான வேலை. அரைமணி எஞ்சினை ஓட்டிவிட்டு நிரம்பியதாக நினைப்பவர்கள் ஆண்டுக்கொருமுறை புதிது வாங்குகிறார்கள். லித்தியம் வந்தபின் இந்தத் தொல்லை குறைந்தது. கூரையில் சூரியப் பலகை கோடையில் தாராளம், டிசம்பரில் பெயரளவுக்கு. மற்ற படகுகளுக்கு அருகே கட்டியிருக்கும்போது இரவு எட்டு முதல் காலை எட்டு வரை எஞ்சின் ஓட்டக்கூடாது என்பது விதி. கழிப்பறையைப் பற்றிப் படகுவாசிகள் ஓயாமல் பேசுவார்கள்; மலத்தொட்டியைக் கையில் தூக்கிப்போய்க் கொட்டுகிறவர்களுக்கும் குழாய் வைத்து உறிஞ்சுகிறவர்களுக்கும் நடக்கும் வாதம் நம் ஊர் வடகலை–தென்கலை வழக்குக்குச் சளைத்ததல்ல. நான் கை கழுவிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறேன்.

ஓட்டுவதில் வேகத்துக்கு மதிப்பில்லை. பெரும்பாலான கால்வாய்களில் உச்ச வரம்பே மணிக்கு நாலு மைல். ஆழம் குறைந்த இடத்தில் விசையைக் கூட்டினால் படகு விரையாது. பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கும், அலை கரையை அரிக்கும், டீசல் போகும். விசையைத் தணித்தால்தான் அது இலகுவாகிறது. கரையில் கட்டிய படகுகளைத் தாண்டும்போது அதற்கு வெகுமுன்பே எஞ்சினை முனகலுக்கு இறக்கவேண்டும். ஓடும் படகு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். கட்டிய படகு முன்னும் பின்னும் ஆடி முளையைப் பிடுங்கிவிடும். உள்ளே அடுப்பில் யாருடைய குழம்போ கொதித்துக்கொண்டிருக்கலாம்.

திருப்புவது விசித்திரமான வேலை. சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். படகு ஏறக்குறைய தன் நடுவில் சுழலும். நீள ஏணியைத் தோளில் வைத்துச் சந்துக்குள் திரும்புகிறவர் முன்னால் மட்டும் பார்த்தால் பின்முனை யார் மண்டையிலாவது இடிக்குமே, அதே கதைதான். பின்னோக்கி ஓட்டும்போதோ சுக்கான் பேச்சைக் கேட்காது.

லாக்கில்தான் ஆளின் தரம் தெரியும். ஒருமுறை ஒரு படகை இறக்கச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறது. எதிரே படகு வருகிறதா என்று பாராமல் தொட்டியைக் காலிசெய்கிறவரைப் படகுக்காரர்கள் மன்னிப்பதில்லை. இறங்கும்போது மேல்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு மறைந்திருக்கும். அது எதுவரை நீள்கிறதென்று பக்கச்சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்முனை அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே இருக்கவேண்டும். திட்டில் சிக்கினால் மூக்கு குப்புறச் சரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு முழுகிவிடும். இறங்கும் படகைக் கயிற்றில் முடிபோட்டுக் கட்டுவதும் தப்பு. தண்ணீர் இறங்க, படகு கயிற்றில் தொங்கும். கரையிலுள்ள கட்டைமேல் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். வூஸ்டர்–பர்மிங்காம் கால்வாயின் டார்டபிக்கில் 30 லாக்குகள் அடுத்தடுத்து. அங்கே பழகிய தம்பதி வேலைசெய்வதைப் பார்க்கவேண்டும். ஒருவர் கரையோடு முன்னே நடந்து அடுத்ததைத் தயார்செய்வார், மற்றவர் படகை நுழைப்பார். ஒரு சொல் பேசமாட்டார்கள். பழகாத தம்பதி பேசிக்கொள்வதைக் கேட்பதும் ஒரு பொழுதுபோக்குதான்.

மாலையில் கட்டியபின் செய்யும் சில்லறை வேலைகளில் ஒரு பக்குவம் இருக்கிறது. சுழலி அச்சு வெளியேறும் இடத்துக் கிரீஸ் திருகை ஒரு சுற்று இறுக்குவது, எண்ணெய் பார்ப்பது. சுழலியில் பிளாஸ்டிக் பையோ கம்பியோ சுற்றியிருந்தால் பின்பக்கத்துச் சிறு மூடியைத் திறந்து கைவிட்டு அறுத்தெடுக்கலாம். கைவிடுமுன் எஞ்சின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவேண்டும். வேலை முடிந்ததும் மூடியை இறுக்க மறந்தால் படகு நிரம்பும்.

சொந்தக் கட்டுமிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து இருக்கக்கூடாது என்கிறது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். இதைச் சுமை என்பவர்கள் உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர்களுக்கு உண்மையிலேயே சுமைதான். ஆனால் ஒரு ஊரின் மரங்கள் கண்ணுக்குப் பழகுமுன் அடுத்த ஊருக்குப் போகும் வாழ்க்கையைத் தேடி வந்தவர்கள் சட்டம் இல்லாவிட்டாலும் போயிருப்பார்கள்.

எஞ்சின் சத்தத்துக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். சுவீடன் நாட்டுப் பொலிண்டர் எஞ்சினுக்கு ஒரே உருளை. ஊதுவிளக்கால் தலையைச் சூடாக்கித்தான் கிளப்பமுடியும். பின்னோக்கிப் போக, கியர் மாற்றுவதற்குப் பதில் எஞ்சினையே எதிர்த்திசையில் சுழலவைப்பார்கள்; அது நின்றுபோகப் பார்க்கும் நொடியைக் காதால் பிடிக்கவேண்டும். தாளக்கட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், அடியைவிட இடைவெளிதான் சுகம் என்று.

ஆசைப்பட்டு வாங்க நினைப்பவர்கள் ஜூலையில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். ஜூலையில் எந்தப் படகும் நன்றாகத்தான் இருக்கும். குளிர்காலத்திலும் வாடகைக்கு விடுகிறவர்கள் சிலர் உண்டு. நவம்பர் கடைசியில், மழையில், ஈரக் காலணியோடு ஏறிப் பாருங்கள். காலணியை எங்கே கழற்றுவது, ஈரச் சட்டையை எங்கே தொங்கவிடுவது என்று படகைச் செய்தவர் யோசித்திருக்கிறாரா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச்சொல்லி, எஃகின் தடிமனை நிபுணரை வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை அடிப்பக்கத்துக்குத் தார் பூசியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். உள்ளே பளபளக்கும் சமையலறையைக் காட்டி விலை சொல்பவரிடம் முதலில் அந்த அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.