வடக்கயிற்று வளையத்துக்குள்

ஒரு போர்க்கப்பலின் சின்னம் நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: தொலைவில் நிற்பவருக்கும் ஒரே பார்வையில் அது பிடிபட வேண்டும்.

இந்தக் கண்டிப்பை மரபாக்கியது பிரிட்டிஷ் கடற்படை. முதல் உலகப் போர்வரை அங்கே கப்பலுக்குக் கப்பல் அவரவர் விருப்பம்போல் வரைந்துகொண்டார்கள். லண்டன் கோபுரத்து ஆயுதச் சாலையின் காப்பாளர் சார்லஸ் ஃபோக்ஸ், ‘டவர்’ என்ற நாசகாரிக் கப்பலுக்கு ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார். அந்த வேலை வளர்ந்து, 1918இல் இதற்கென ஒரு குழுவே அமைந்தது. அது வகுத்த அமைப்பு இது: பொன்னிற வடக்கயிற்று வளையம், மேலே கப்பலின் பின்புறமும் புடைத்த பாயும் மாறிமாறி வரும் மகுடம், கப்பலின் பெயர், நடுவில் ஒரே உருவம். தொடக்கத்தில் பெரும் போர்க்கப்பலுக்கு வட்டம், குரூசருக்கு ஐங்கோணம், நாசகாரிக்குக் கேடயம் என்று சட்டத்தின் வடிவே கப்பலின் வகையைச் சொல்லிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போர்க்கப்பல்களுக்கு வட்டமே பொதுவாயிற்று.

வண்ணத்திலும் விதி உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் வண்ணம். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது. மஞ்சள்மேல் வெள்ளையைத் தீட்டிக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், காரணம் புரியும்.

இந்தப் பிரிட்டிஷ் அமைப்பில் கனடா கயிற்றின் அடியில் மேப்பிள் இலைகளைச் சேர்த்தது. ஆஸ்திரேலியா பூமராங்கை வைத்தது. அமெரிக்கா வேறு பள்ளி. அங்கே ராணுவத்தின் சின்னக்கலை நிறுவனம் கேடயம், அதன்மேல் முடிச்சின்னம், குறிக்கோள் வாசகம் என்று கப்பலின் வரலாறு முழுவதையும் அடுக்கிவிடும். நின்று படிக்க அருமை, பார்த்ததும் பிடிபடாது.

1950இல் நாம் குடியரசானபோது நம் கப்பல்களின் சின்னத்தில் மகுடம் இறங்கி அசோகச் சிங்கங்கள் ஏறின. வருணனிடம் நலம் வேண்டும் கடற்படையின் குறிக்கோள் வாசகத்தைப் பரிந்துரைத்தவர் ராஜாஜி. நகரப் பெயர் தாங்கிய நாசகாரிகளின் சின்னங்களில் நீலமும் வெள்ளையுமான அலைகளுக்கு மேல் ஊரின் அடையாளம் நிற்கும். கொச்சிக்குப் பாம்புப் படகும் வாளும் கேடயமும். கொல்கத்தாவுக்கு ஹவுரா பாலமும் வங்கப் புலியும். 2016இல் பணியில் சேர்ந்த ‘சென்னை’க்கு ஒரு வாளும் பின்னால் புனித ஜார்ஜ் கோட்டையின் கோட்டுருவும். என் மனம் நிற்பது ‘மைசூர்’ கப்பலின் கண்டபேருண்டத்தில்தான். அந்த இருதலைப் பறவை அந்த மண்ணின் அரச முத்திரையாகவே வாழ்ந்தது. கடலுக்கு வந்தபோது அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாலமும் கோட்டையும் காட்சிகள். சிறிய வட்டத்தில் காட்சி கலங்கிப்போகும், முத்திரை கலங்காது.

சென்னையின் பெயரில் இன்னொரு கப்பல் வரும் நாளில் ஓவியர்கள் சோழர் செப்பேடுகளின் முத்திரையை எடுத்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரட்டை மீன், வில், மேலே குடை: எல்லாம் ஒரு வட்டத்துக்குள்.