குறத்தியின் வாக்கும் சபையின் வரிசையும்: பெத்லகேம் குறவஞ்சி பற்றிய ஒரு நோக்கு

சமூகத் தராதரம் நோக்காது எவர்க்கும் நற்செய்தியைத் துணிந்து எடுத்துரைத்தல் கிறித்தவம் தனக்கென விதித்துக்கொண்ட கடமைகளுள் ஒன்று. தமிழ்ச் சமூகத்தில் அக்கடமை எவ்வாறு நிறைவேறிற்று என்னும் வினாவுக்குச் சபை வரலாறுகள் தரும் விடை பெரும்பாலும் தனிமனிதரின் பக்தி வைராக்கியம் பற்றியதாகவே அமைகிறது. இலக்கிய மாணவராகிய நாம் அதனை வேறொரு முனையிலிருந்து அணுக விரும்புகிறோம். செய்தி சாதியைக் கடப்பதும், அதைச் சுமந்து சென்றவன் சாதியைக் கடப்பதும் ஒன்றுதானா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற நூலாகும்.

குறவஞ்சி, கோயிலும் அரசவையும் புரந்த வடிவம். அதன் தலைவி உயர்குலத்தவள். அவளது காதல் கைகூடும் என்று குறி சொல்பவளோ மலைக் குறத்தி. நிலமானியப் படிநிலையிலே தாழ்ந்து நிற்கும் ஒருத்தி, உயர்ந்து நிற்கும் ஒருத்தியின் கையைப் பற்றி வருங்காலம் உரைக்கிறாள். அக்கணத்தில் குறத்தி அறிந்தவள், தலைவி கேட்பவள். எனினும் குறி முடிந்து, பரிசில் பெற்றுக் குறத்தி அகன்றதும் படிநிலை குலையாது மீள்கிறது. வடிவம் அவளுக்கு வழங்கியது தற்காலிகச் சலுகையேயன்றி உரிமையன்று.

சாஸ்திரியார் இவ்வடிவத்தைக் கிறித்தவப் பொருளுக்கு ஆக்கிக்கொண்டார். தலைவி திருச்சபை ஆகிறாள், தலைவன் கிறிஸ்து. குறி சொல்ல வருபவள் ஞானச்சிங்கி. சிங்கனின் வேட்டை ஆன்மாக்களைச் சேர்க்கும் ஊழியமாகிறது. அதாவது, உபதேசப் பணி நூலினுள்ளே குறவர் வசம் ஒப்படைக்கப்படுகிறது. சரபோஜி மன்னர் மீதே சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடப்பெற்ற தஞ்சையிலே, அவையோரும் பொதுமக்களும் அறிந்த ஒரு வடிவத்தைத் தெரிந்துகொண்டமை அவரது கலைத்திறனுக்குச் சான்று. தாழ்ந்தோர் வாயிலிருந்து பிறக்கும் மெய்ம்மை உயர்ந்தோர் செவியைச் சென்றடையும் என்பதை அவ்வடிவமே உணர்த்திவிடுகிறது.

ஆயின் வரலாற்றிலே நிகழ்ந்தது யாது? 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் மிஷன், அடுத்த பத்தாண்டுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது. தஞ்சை அரசரின் படையிலிருந்த இராஜநாயக்கன் என்பார் அவ்வச்சு நூலைப் படித்துக் கத்தோலிக்கத்திலிருந்து அம்மிஷனுக்கு வந்து உபதேசியாரானார். அவர் பறையர் சமூகத்தவர். எதிர்ப்புகளுக்கிடையே பல்லாண்டுகள் ஊழியம் செய்த அவருக்குக் குருப்பட்டம் வழங்கும் யோசனை எழுந்தபோது, உயர்சாதிச் சபையோர் அவர் கையால் இராப்போசனம் பெறமாட்டார் என்பதே தடையாயிற்று. 1733இல் வேளாளரான ஆரோனும் 1741இல் தியோகுவும் பட்டம் பெற்றனர். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். அவரது வாய் ஏற்கப்பட்டது, கை ஏற்கப்படவில்லை. குறவஞ்சித் தலைவி குறத்தியிடம் தயங்காது நீட்டிய கையைச் சபை தன் உபதேசியாரிடம் நீட்ட மறுத்தது.

சாஸ்திரியார் இம்முரண்பாட்டுக்கு வெளியே நின்றவரல்லர். வேளாள மரபினரான அவர், சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்ட புதிய மிஷனரிமாரை எதிர்த்து, 1829இல் சாதியாசார சம்பாவனையில் சாதியாசாரத்துக்காக வாதாடினார். ஞானச்சிங்கியைப் படைத்தவரே ஆலயத்தில் தனி வரிசை கோரினார். இதனைத் தனிமனிதக் கபடம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. நிலம், உத்தியோகம், மணவுறவு ஆகியன சாதியோடு பிணைந்திருந்த தஞ்சையிலே, மதம் மாறிய வேளாளர் தம் உற்பத்தி உறவுகளை மாற்றிக்கொண்டவரல்லர். மறுபுறத்தில், புதிய மிஷனரிமார் சாதியை மட்டுமன்றித் தமிழிசையையும் விழா மரபுகளையும் ஒருசேரச் சாடினர். கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் 1833இல் சாதியை உடன் கைவிடுமாறு பணித்தபோது, அப்பணிப்பின் பின்னே ஏகாதிபத்திய அதிகாரமும் இருந்தது. சமத்துவக் குரல் பண்பாட்டு அவமதிப்போடு வந்தது. பண்பாட்டுக் காப்புக் குரல் சாதியோடு வந்தது. இருசாராரின் வாதங்களும் எழுத்தில் நிலைத்தன. தனி வரிசையில் அமர்த்தப்பட்டோரின் குரலோ அவ்வேடுகளில் அருகியே ஒலிக்கிறது.

எனவே பெத்லகேம் குறவஞ்சியை அதன் ஆசிரியரின் சாதி நிலைப்பாட்டினால் மட்டும் அளந்து தள்ளிவிடுதல் பொருந்தாது. அவரது வர்க்க நலன் மறுத்ததை அவர் கையாண்ட வடிவம் சொல்லிவிட்டது. படைப்பாளியின் கருத்துநிலைக்கும் படைப்பின் உள்ளார்ந்த தர்க்கத்துக்கும் இடைப்பட்ட இவ்விடைவெளியே நூலின் உயிர்ப்புள்ள பகுதி எனலாம்.

இவ்வளவும் அன்றைய திருச்சபைக்கு மட்டும் உரிய குற்றம் என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. ஒடுக்கப்பட்டோரைச் செய்தி சொல்பவராகக் கதைகளிலும் கவிதைகளிலும் நிறுத்திவிட்டு, முடிவெடுக்கும் இடங்களில் அவரைக் காணாதிருக்கும் பழக்கம் முற்போக்கு எழுத்தாளரிடத்தும் உண்டு. குறத்தியின் வாக்கைப் போற்றுவோர் அவளுக்கு எவ்வரிசையில் இடமளித்தனர் என்பதே கேட்கற்பாலது. அவ்வினாவை முதலில் எம்மை நோக்கியே எழுப்புதல் தகும்.