கர்ணனின் வீழ்ச்சி: வினைச்சொல்லும் பொறுப்பும்

கர்ணன் வீழ்ந்தான் என்று எழுதுவதா, வீழ்த்தப்பட்டான் என்று எழுதுவதா? பாரதத்தின் கர்ண பருவத்தைத் தமிழாக்க முனைவோர் எவரும் தப்ப முடியாத வினா இது. தமிழில் 'வீழ்', 'வீழ்த்து' என்னும் தன்வினை பிறவினை வேறுபாடு ஒற்றுமிகுதலில் அடங்கிவிடும் சிறு வேறுபாடே. ஆயினும் அவ்வேறுபாட்டில்தான் பதினேழாம் நாட் போரின் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பது அடங்கியிருக்கிறது. வடமொழி மரபு இவ்விடத்துப் பெரிதும் பிறவினைச் செயப்பாட்டு வடிவங்களை விரும்புகிறது. கர்ணன் இத்தனை பேரால் வீழ்த்தப்பட்டான் என எண்ணிக் காட்டும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே. சாந்தி பருவத் தொடக்கத்தில் நாரதர் தருமனுக்கு அப்படியொரு பட்டியல் தருகிறார். அந்தணன் சாபம், பரசுராமர் சாபம், குந்திக்களித்த வாக்கு, இந்திரனின் வஞ்சம், பாதி ரதிகன் எனப் பீஷ்மர் இகழ்ந்தமை, சல்லியன் ஒளி கெடுத்தமை, வாசுதேவனின் நயம் ஆகியவற்றைக் கூறிய பின்னரே அருச்சுனனின் படைக்கலங்களுக்கு வருகிறார். கொன்றவன் பட்டியலின் கடைசியில் நிற்கிறான்.

இப்பட்டியலைப் படிக்கும் தமிழ் வாசகர் மனத்தில் ஏற்கெனவே வேறொரு கர்ணன் இருக்கிறான். வில்லிபுத்தூரார் கன்ன பருவத்தில் படைத்தவனும், தெருக்கூத்தில் 'கர்ண மோட்சம்' என்ற பெயரில் விடியும் வரை ஆடப்படுபவனும், 1964-இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்தால் ஊரெங்கும் பரவியவனும் அவனே. மூலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ இந்தக் கர்ணனோடு உடன்படிக்கை செய்துகொள்கிறார். அந்த உடன்படிக்கை சொற்றேர்வில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைச் சில இடங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தேர்ச்சக்கரம். நம் பாடநூல்களும் சிறுவர் பதிப்புகளும் பெரும்பாலும் 'சக்கரம் சேற்றில் புதைந்தது' என்றே கூறுகின்றன. மூலத்தில் சேறு இல்லை. அங்கே எழுவாய் பூமி, வினை விழுங்குதல். தன் வேள்விப் பசுவை அறியாது கொன்ற கர்ணனுக்கு அந்தணன் இட்ட சாபத்தின்படி நிலம் சக்கரத்தைக் கவ்விக்கொள்கிறது. சக்கரம் தானாகப் புதையவில்லை என்பதை அடுத்து வரும் காட்சி உறுதிப்படுத்துகிறது. கர்ணன் தேரினின்று குதித்துச் சக்கரத்தைப் பற்றித் தூக்க, ஏழு தீவுகளோடும் மலைகளோடும் காடுகளோடும் கூடிய நிலம் முழுதும் நால்விரல் உயரம் எழும்புகிறது. சேறு என்று எழுதிவிட்ட மொழிபெயர்ப்பாளருக்கு இந்த நால்விரல் பெரும் இடையூறு. சேற்றிலிருந்து சக்கரம் வரலாம், அல்லது வராமல் போகலாம், உலகம் எழும்பாது. விழுங்கிய வாய் விடாமற் பிடித்திருப்பதால்தான் சக்கரத்தைத் தூக்கினால் பூமி உடன் வருகிறது. அவன் வலிமையின் பேரளவையும் அவ்வலிமையின் பயனின்மையையும் ஒருசேரக் காட்டும் இவ்விடத்தைப் பகுத்தறிவுக்கு ஒத்த சேறு கெடுத்துவிடுகிறது. உயர்வு நவிற்சி எனத் தள்ளி, நால்விரலையே விட்டுவிடும் பதிப்புகளும் உள.

அடுத்து, பரசுராமர் சாபம். 'உற்ற நேரத்தில் அத்திரம் உனக்கு மறந்துபோகும்' என்றே தமிழில் இது வழங்குகிறது. மறதி என்றவுடன் குறை கர்ணனின் நினைவாற்றலுக்குச் செல்கிறது. சாபத்தின் சொல்லமைப்போ வேறு. 'பிரதிபா' என்னும் வினையடி ஒளிர்தல், எதிர்ப்படுதல், மனத்தில் தோன்றுதல் என்னும் பொருள்களை உடையது. நிகரானவனோடு பொருது மடியும் வேளை நீங்கலாக அத்திரம் உனக்குத் தோன்றும் என்பதே ஆசிரியர் கூற்று. இங்கே அத்திரம் எழுவாய்; கர்ணன் அதனைப் பெறுபவன். இத்தகைய அமைப்புக்குத் தமிழைப் போல் வாய்ப்பான மொழி வேறில்லை எனலாம். 'எனக்குத் தோன்றுகிறது', 'அவனுக்குப் புலப்படவில்லை' என நான்காம் வேற்றுமையில் அனுபவிப்போனை நிறுத்தி அவன்மீது வினையை ஏற்றாமல் விடுவது நம் அன்றாட வழக்கு. 'அத்திரம் அவனுக்குத் தோன்றவில்லை' என்ற நேரிய தொடர் கைவசம் இருக்க, 'அவன் மறந்தான்' என எழுதுவது இலக்கணத் தேவையால் நேர்ந்ததன்று. கதைசொல்லிகளின் 'மறதி' காதில் நிலைத்துவிட்டதன் விளைவே அது. அத்திரம் என்பது மந்திரத்தால் எழுப்பப்படும் படை. மனத்தில் ஒளிராத மந்திரம் கையில் இல்லாத வில்லுக்கு ஒப்பு. கதிரவன் மகனுக்குக் கடைசியில் ஒளி மறுக்கப்படுகிறது என்னும் உட்குறிப்பும் 'மறதி'யில் மறைந்துபோகிறது.

இதே ஒளிதான் சல்லியன் செய்தியிலும் நிற்கிறது. உத்தியோக பருவத்தில் தருமன் தன் மாமனிடம் ஓர் உதவி கேட்கிறான்: கர்ணனுக்குத் தேர் ஓட்டும் நிலை வரின் அவனது தேஜோவதத்தைச் செய்ய வேண்டும். தேஜஸ் என்பது சுடர், வீரியம், மதிப்பு யாவும் சேர்ந்தது, வதம் கொலை. உயிரைக் கொல்லும் முன் சுடரைக் கொல்லுதல் என்க. இச்சொல்லின் பின்வரலாறு சுவையானது. கன்னடத்தில் 'தேஜோவதெ', மலையாளத்தில் 'தேஜோவதம்' என இன்றும் நாளிதழ்களில் அன்றாடம் காணலாம். ஒருவரின் நற்பெயரை வேண்டுமென்றே கெடுத்தல் என்பது அங்கே பொருள். தமிழில் அச்சொல் அவ்வாறு வேரூன்றவில்லை. ஆகவே கன்னட மொழிபெயர்ப்பாளர் மூலச்சொல்லை அப்படியே வைத்தால் வாசகர் அதை அவதூறு என்று படிப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கோ 'ஊக்கத்தைக் கெடுத்தல்', 'மனம் தளரச் செய்தல்' என்பன போன்ற வெளிறிய தொடர்களே கிட்டுகின்றன. முன்னவர்க்குச் சொல் உண்டு, பொருள் நகர்ந்துவிட்டது. பின்னவர்க்குப் பொருள் தெரியும், சொல் இல்லை. 'ஒளி கெடுத்தல்' என்று மேலே யான் எழுதியது ஒரு முயற்சியே. கொலை என்னும் கடுமை அதில் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, கட்டுரையின் மையத்துக்கு வருவோம். வில்லியின் காப்பியத்தில் கர்ணனின் முடிவைத் தாங்கி நிற்பது கொடை. அம்புகள் தைத்துக் கிடப்பவனிடம் கண்ணன் முதிய அந்தணனாய் வந்து அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் இரக்கிறான். கர்ணன் தன் குருதியையே நீராகக் கொண்டு தாரை வார்க்கிறான். வேண்டும் வரம் கேள் என, மறுபிறப்பு உண்டாயின் இரப்பவர்க்கு இல்லையென்னாத இதயம் வேண்டும் என்கிறான். வியாச பாரதத்தின் பூனா ஆய்வுப் பதிப்பில் இந்நிகழ்ச்சி இல்லை. எனினும் கொடையைப் போர்க்களத்துக்குக் கொண்டுவரும் கற்பனை தமிழில் மட்டும் தோன்றியதன்று. பாசருடையதாகக் கருதப்படும் 'கர்ணபாரம்' என்னும் ஓரங்க நாடகத்தில், வனவாச காலத்தில் நிகழ வேண்டிய கவச குண்டல தானம் கர்ணன் போருக்குப் புறப்படும் நேரத்துக்கு நகர்த்தப்படுகிறது. அந்நாடகப் பெயரும் மொழிபெயர்க்க வொண்ணாதது. கர்ணனின் சுமை என்றும், காதணியாகிய சுமை என்றும் அதற்கு இருபொருள் கொள்வர்.

வில்லியின் மாற்றங்கள் ஒரே திசையில் செல்வன. நாகக்கணையை எடுத்துக்கொள்வோம். மூலத்தில், காண்டவ எரியில் தப்பிய அசுவசேனன் என்னும் பாம்பு கணையில் ஏறிப் பாய, கண்ணன் தேரை அழுத்த, அருச்சுனன் முடி மட்டும் போகிறது. பாம்பு மீண்டு வந்து மறுபடி எய்யச் சொல்கிறது. பிறர் வலிமையால் வெல்ல விரும்பேன் எனக் கர்ணன் மறுக்கிறான். அது வீரச் செருக்கு. வில்லியிலோ மறுமுறை எய்யாமைக்குக் காரணம் குந்திக்கு அவன் கொடுத்த வாக்கு. செருக்கு இருந்த இடத்தில் ஈகை வந்து அமர்ந்துகொண்டது. கவிதை என்ற அளவில் வில்லியின் கட்டுக்கோப்பு மிகச் சிறப்புடையது; அவனைக் குறை கூறுவது என் கருத்தன்று. தாரை வார்த்தல் என்னும் தொடர் இன்று உரிமையை அசட்டையாய் இழத்தல் என்னும் இழிபொருளில் மேடைகளில் அடிபடுவதைக் கேட்கும்போதெல்லாம் அக்குருதி நீர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சிக்கல் எங்கே எழுகிறது எனில், வில்லியின் கர்ணனைக் கொண்டு வியாசரின் கர்ணனை மொழிபெயர்க்கும்போதுதான். சூதாட்ட அவையில் பாஞ்சாலியைக் கர்ணன் 'பந்தகீ' என்கிறான். பலரை உடையவள் என வாதிட்டு, விலைமகள் என்று பொருள்படச் சொன்ன சொல் அது. ஆடையைக் களையச் சொன்னவனும் அவனே. இவ்விடத்தில் தமிழாக்கங்கள் தயங்குகின்றன. 'இகழ்ந்து பேசினான்', 'தகாத சொல் சொன்னான்' என அயற்கூற்றில் ஒதுங்குவோர் உளர். இடக்கரடக்கல் நம் மரபுதான். ஆயினும் இங்கே அடக்கப்படுவது சபைக்கு ஒவ்வாத சொல் மட்டுமன்று, ஒரு பாத்திரத்தின் குற்றமுமாகும். அச்சொல் இல்லையெனில் பதினைந்து பருவங்களுக்கு மேல் தாண்டி வருவோர்க்கு மட்டுமன்று, ஆறே பருவங்கள் கழித்துக் கர்ண பருவத்துக்கு வருவோர்க்கும் உரையாடல் விளங்காது. சக்கரத்தை எடுக்கும் வரை பொறு, அறத்தை எண்ணிப்பார் எனக் கர்ணன் கேட்கும்போது, கண்ணன் அவன் உடந்தையாயிருந்த தீமைகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லி, ஒவ்வொன்றின் இறுதியிலும் அன்று உன் அறம் எங்கே போயிற்று என்ற பொருளில் வினவுகிறான். பரவலாக வழங்கும் பாடத்தில் கர்ணன் நாணித் தலைகுனிகிறான், விடை சொல்லவில்லை. முன்னே சொல்லை மறைத்த மொழிபெயர்ப்பில் இம்மௌனம் பொருளற்றதாகிறது. கண்ணன் வெறும் சூழ்ச்சிக்காரனாகத் தோன்றுகிறான்.

கர்ணனைப் புகழ்வதற்கு அவன் குற்றத்தை மறைத்தாக வேண்டுமென்பதில்லை. பத்தாம் நூற்றாண்டில் பம்பர் தம் புரவலன் அரிகேசரியை அருச்சுனனாகவே பாவித்துக் கன்னடத்தில் 'விக்ரமார்ஜுன விஜயம்' செய்தார். அத்தகைய நூலிலும் பாரதத்தில் நினைக்கத் தக்கவன் கர்ணன் என்று அவனுக்கு முதலிடம் தருகிறார். அருச்சுனன் புகழுக்காக எழுந்த காப்பியம் பகைவனுக்கு இடம் விட்டது. வியாசருமே உத்தியோக பருவத்தில், துரியோதனன் மகிழப் பாண்டவரைச் சுடுசொல் கூறியதற்காக இன்று வருந்துகிறேன் என்று கர்ணன் வாயாலேயே கண்ணனிடம் சொல்லவைக்கிறார். அந்த வருத்தம் எதற்கென்று அறியாத வாசகர் அதனை எப்படிப் பெறுவார்?

'சூதன்' என்னும் சொல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூலத்தில் அது தேரோட்டுதல், மன்னர் புகழ் பாடுதல் ஆகிய தொழில்களோடு பிறப்பையும் குறிக்கும் வசை. தமிழில் சூது, சூதாட்டம், சூதுவாது என்னும் சொற்களின் சாயல் அதன்மேல் படிந்து, கேட்போர்க்கு வஞ்சகன் என்ற மயக்கத்தைத் தருகிறது. பண்டைத் தமிழில் சூதர் நின்றேத்துவோர் என்பதை அறிந்தவர் சிலரே. 'தேரோட்டி மகன்' என்ற தொடர் இம்மயக்கத்தைத் தீர்க்கிறது, பி. எஸ். ராமையா தம் நாடகத்துக்கு அதனைப் பெயராக்கியது நற்றேர்வு. ஆனால் அத்தொடரில் தொழில் இருக்கிறது, வசை இல்லை. அவையில் எறியப்படும் இடங்களில் 'சூதன் மகனே' என்றே விட்டு, முதல் வருகையில் பொருளை விளக்கிவிடுவது தக்கது. கூத்தில் பொன்னுருவி தன் கணவனின் குலத்தைப் பழிக்கும் கட்டத்தில் ஊர் மக்களுக்கு எந்த அடிக்குறிப்பும் தேவைப்படுவதில்லை.

தலைப்பின் வினாவுக்கு மீள்வோம். சக்கரத்தருகே நிற்கும் வரை செயப்பாட்டு வடிவமே பொருந்தும்: நிலம் விழுங்குகிறது, அத்திரம் தோன்றாதிருக்கிறது, ஒளி கொல்லப்படுகிறது. கண்ணனின் வினாக்களுக்கு விடையின்றி நிற்கும் அந்தக் கணத்தில் மட்டும் கர்ணன் எழுவாயாகிறான். அஞ்சலிகக் கணை தலையைக் கொய்யும் தொடரை 'வீழ்ந்தான்' என்று யான் முடிப்பது அதனாலேயே.