குழந்தை உளநூல் கட்டுரையும் டார்வின் காட்டும் நெறியும்

தோற்றுவாய்

ஆராய்ச்சிக் கட்டுரை எதுவாயினும், அதனை எழுதுவோர் தாம் கண்டதனையும் தாம் கருதியதனையும் வேறு பிரித்து உரைத்தல் வேண்டும் என்பது யாவர்க்கும் உடன்பாடான கொள்கை. ஆயினும் குழந்தை உளநூலில் இக்கொள்கை பெறும் இன்றியமையாமை பெரிது. ஓர் உரையாசிரியர் கூறாத கருத்தை அவர்மேல் ஏற்றி எழுதினால், அவ்வுரையைக் கற்ற மற்றொருவர் மறுத்துரைப்பர். கல்வெட்டு ஒன்றனைப் பிறழப் படித்தால், கல் அவ்விடத்தே நின்று பிழையைக் காட்டும். குழந்தையோ தன்னைப் பற்றி எழுதப்பெற்ற கட்டுரையைப் படிப்பதில்லை. படிக்கும் பருவம் எய்திய காலத்து, அக்கட்டுரை கூறும் இளமை நிலை அதன் நினைவில் நிற்பதுமில்லை. ஆதலின், குழந்தையின் பொருட்டு மறுத்துரைக்கும் கடமை, கட்டுரையை எழுதுவோர்க்கும் அதனை ஏற்று வெளியிடும் இதழுக்குமே உரியதாகின்றது.

குழந்தையின் மொழி, பாட்டு, விளையாட்டு ஆகியன பற்றி ஆராய்ந்து, உளநூல் இதழ்களுக்குக் கட்டுரை விடுக்க விழையும் மாணவர் நம்மிடையே உளர். அவர்கள் முதற்கண் அறிய விரும்புவன இதழ்களின் விதிகள்: எத்துணைப் பக்கம் எழுதலாம், அட்டவணையை எவ்வாறு அமைத்தல் வேண்டும், மேற்கோளை எம்முறையில் காட்டுதல் வேண்டும் என்பன. இவை வேண்டுவனவே. ஆயின் இவ்விதிகட்கெல்லாம் அடிப்படையாக உள்ள நெறி யாது என்று அறிந்தாலன்றி, விதிகள் வெறுஞ் சடங்காகிவிடும். அந்நெறியைத் தெளிவுறக் காட்டும் பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சிறப்பையும் குறையையும் ஈண்டு ஆராய்வோம்.

இதழுக்கு விடுத்த முறை

இங்கிலாந்தில் 1876-ஆம் ஆண்டு 'மைண்ட்' என்னும் காலாண்டிதழ் தோன்றிற்று. உளநூலுக்கும் மெய்ப்பொருள் நூலுக்கும் உரியதாக விளங்கிய அவ்விதழின் ஆசிரியர் ஜார்ஜ் குரூம் இராபர்ட்சன். குழந்தைகள் மொழியைப் பயிலும் வகை பற்றிப் பிரெஞ்சு அறிஞர் இப்பொலித் தெயின் எழுதிய கட்டுரையின் ஆங்கில ஆக்கம் அவ்விதழில் 1877-இல் வெளிவந்தது. அதனைக் கண்ட சார்லசு டார்வின், முப்பத்தேழு ஆண்டுகட்கு முன்னர்த் தம் மகனை நோக்கி எழுதி வைத்திருந்த நாட்குறிப்பை எடுத்து, ஒரு சிறு கட்டுரையாக்கி இராபர்ட்சனுக்கு விடுத்தார். அம்மகன் 1839 டிசம்பரில் பிறந்த வில்லியம். 'ஒரு குழந்தையின் வாழ்க்கைக் குறிப்பு' என்று நாம் பெயர்க்கத் தக்க தலைப்புடைய அக்கட்டுரை, 1877 ஜூலை இதழில் பத்துப் பக்க அளவில் வெளிவந்தது.

கட்டுரையுடன் டார்வின் எழுதிய திருமுகம் நம் கருத்திற்கு உரியது. அக்காலத்து அவர் உலகறிந்த பேரறிஞர். அவர்தம் எழுத்தை மறுக்க எவ்விதழும் தயங்கும். ஆயினும், கட்டுரை வெளியிடத் தகுதியற்றதாயின் திருப்பி அனுப்பிவிடுமாறு அவர் வேண்டினார். அதனினும் மேலாக, வழக்கத்தினும் மிக்க கடுமையோடு அதனைப் படிக்குமாறு கேட்டுக்கொண்டார். தம் குழந்தையின் ஆற்றல்கள் ஒவ்வொன்றாக அரும்புவதைத் தாம் பெரிதும் ஈடுபட்டுக் கண்டமையால், அக்கட்டுரையின் தகுதியை மதிப்பிடத் தம்மால் இயலவில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

இதனை வெறும் பணிவுரை என்று கொள்ளுதல் பொருந்தாது. தந்தையின் அன்பு நோக்குவோன் கண்ணை மறைக்கக்கூடும் என்பதனை உணர்ந்து, அவ்வன்பில்லாத மற்றொருவர் கண்ணை அவர் நாடினார் என்க. இக்காலத்து இதழ்கள் ஆசிரியரின் பெயரை நீக்கிக் கட்டுரையை மதிப்பீட்டாளர்க்கு விடுப்பதும், ஒரே ஒலிப்பதிவை இருவர் தனித்தனியே கேட்டு வகைப்படுத்துமாறு பணிப்பதும், அவ்விருவரும் எத்துணை ஒத்தனர் என்று கணக்கிட்டுக் காட்டச் சொல்வதும் இந்நோக்கத்தின் வழிவந்தனவே.

கண்டதும் கருதியதும்

இனிக் கட்டுரையின் உள்ளே புகுவோம். எட்டாம் நாளில் குழந்தை அழுதற்கு முன்னர்ப் புருவம் நெரித்துக் கண்ணைச் சூழ்ந்த தோலைச் சுருக்கிற்று என்று டார்வின் எழுதுகின்றார். அதனைச் சினம் என்று அவர் முடிவு கட்டவில்லை. நோவினாலோ துன்பத்தாலோ நிகழ்ந்ததாகவும் இருக்கலாம் என்று உடனே கூறுகின்றார். முகத்தில் கண்ட சுருக்கம் காட்சி. சினம் என்பது கருத்து. இவ்விரண்டற்கும் இடையே அவர் ஒரு வரம்பு கட்டுகின்றார்.

அவ்வரம்பு நெகிழும் இடமும் உண்டு. இரண்டு ஆண்டும் ஏழரைத் திங்களும் நிறைந்த வயதில், உணவறையிலிருந்து வெளிவந்த குழந்தையின் கண்கள் இயல்புக்கு மாறாக ஒளிர்ந்தன. நடையும் விந்தையாக இருந்தது. தந்தை உள்ளே சென்று பார்த்தார். எடுக்கலாகாது என்று விலக்கியிருந்த சருக்கரைப் பொடியைக் குழந்தை எடுத்திருந்தமை தெரிந்தது. அக்குழந்தை ஒருபோதும் தண்டிக்கப்பெற்றதில்லை. ஆதலின் அதன் மாறுபாடு அச்சத்தால் விளைந்ததன்று. இன்பக் கிளர்ச்சி மனச்சான்றோடு போராடியமையால் விளைந்ததாகலாம் என்பது டார்வினின் முடிவு.

இம்முடிவை நாம் உடன்படுதல் இயலாது. தண்டனை பெறாமை அச்சமின்மைக்குப் போதிய சான்றாகாது. தந்தையின் முகம் வாடுதலையும் குரல் மாறுதலையும் அஞ்சும் குழந்தைகள் உண்டு. மனச்சான்று என்பதோ ஒளிரும் கண்ணினின்றும் நேரே பெறத்தக்கதன்று. ஆயினும் நாம் இவ்வாறு மறுத்தற்கு வேண்டும் கருவி எங்கிருந்து கிடைத்தது? டார்வினின் கட்டுரையிலிருந்தே கிடைத்தது. கண்ணின் ஒளி, நடையின் விந்தை, சருக்கரை, முன்னர்த் தண்டியாமை ஆகிய யாவற்றையும் அவர் தனித்தனியே எழுதி வைத்தார். 'குழந்தைக்கு இவ்வயதில் மனச்சான்று தோன்றிற்று' என்று மட்டும் எழுதியிருப்பின், நாம் நம்புதலோ நம்பாது விடுதலோ அன்றி வேறொன்றும் செய்ய இயலாது. தன்னை மறுத்தற்குரிய சான்றையும் தன்னகத்தே கொண்டிருக்கும் கட்டுரையே நல்ல கட்டுரை. குழந்தை வாய்திறந்து மறுக்க இயலாத துறையில் இப்பண்பு அறமும் ஆகும்.

குறைகள்

இக்கட்டுரை இன்று ஓர் உளநூல் இதழுக்கு வருமாயின் அவ்வாறே ஏற்கப்பெறாது. நோக்கப்பெற்றது பெரும்பாலும் ஒரே குழந்தை. அதுவும் செல்வக் குடியிற் பிறந்த, எழுதுவோரின் சொந்தக் குழந்தை. குழந்தையின் செல்லப் பெயரும் அச்சேறியுள்ளது. இக்கால விதிப்படி பெற்றோரின் எழுத்து வழி இசைவு வேண்டும். புரிந்துகொள்ளும் வயதினதாயின் குழந்தையின் விருப்பும் வேண்டும். பெயரை மறைத்தலும் வேண்டும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. சரியாக ஓராண்டு நிறைந்தபொழுது உணவைக் குறிக்க 'மம்' என்னும் சொல்லைக் குழந்தை தானே படைத்தது என்கின்றார் டார்வின். பின்னர்ச் சருக்கரையை 'சு-மம்' என்றும், கருமை என்னும் சொல்லைக் கற்றபின் அதிமதுர இனிப்பைக் 'கரிய சு-மம்' என்னும் பொருள்படவும் அது வழங்கிற்றாம். அடையடுத்துப் பெயர் விரியும் முறையை இத்துணை அழகாகக் காட்டும் சான்றுகள் அரியன. 'மம்' என்பதற்குக் குழந்தையைத் தூண்டியது யாது என்று தாம் கண்டறியவில்லை என்று அவர் ஒளியாது கூறுவதும் பாராட்டுக்குரியது. ஆனால், அக்குழந்தையைப் பேணிய செவிலி அதனொடு நாள்தோறும் பேசிய சொற்கள் எவை என்பது கட்டுரையில் இல்லை. அவற்றை அறியாமல் 'படைத்தது' என்று கூறுதல் எங்ஙனம்?

தமிழர்க்கு இவ்வினா நன்கு விளங்கும். நம் இல்லங்களில் சோற்றை 'மம்மு' என்று கூறி ஊட்டுகின்றோம். டார்வினின் மகன் சொல்லும் நம் சொல்லும் ஒலியால் ஒத்திருத்தல் கண்டு, இவ்விரண்டும் ஒரு வேரின என்று எழுத முற்படுவோர் உளராயின், அவர்கள் சற்றே பொறுத்தல் வேண்டும். இதழ் மூடிப் பிறக்கும் மெல்லொலி குழந்தைக்கு எளிது; பாலுண்ணும் நிலையில் மூக்கின் வழி எழும் முனகலோடு அது தொடர்புடையது என்று உரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கியுள்ளார். அன்றியும் 'மம்மு' என்பது பெரியோர் முதற்கண் கூறக் குழந்தை பின்னர்க் கூறுவது. யார் முதலில் கூறினார் என்னும் குறிப்பு இல்லாதவரை, அச்சொல்லைக் குழந்தையின் படைப்பெனக் காட்டுதல் இயலாது.

தமிழ்க் குழந்தைக்குரிய இடம்

தமிழ்க் குழந்தையின் மொழி இத்தகைய இதழ்களில் இடம் பெறாமலில்லை. 1974-இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் சைல்ட் லாங்வேஜ்' என்னும் இதழில், தமிழ்க் குழந்தைகளின் வினாவமைப்பைப் பற்றி 1988-இலும், எதிர்மறையைப் பற்றி 1991-இலும் ஆர். வைத்தியநாதன் எழுதியுள்ளார். ஒட்டுநிலை மொழிகளைக் குழந்தைகள் பயிலும் வகைக்குத் தமிழ் தரும் சான்றைப் பரிமளா இராகவேந்திராவும் லாரன்சு லெனார்டும் 1989-இல் அவ்விதழிலேயே காட்டினர். துருக்கி மொழிபோல உருபுகள் தெளிவாக அடுத்தடுத்து ஒட்டும் மொழிகளில் குழந்தைகள் அவற்றை விரைந்து, பிழை குறைவாகக் கற்கின்றனர் என்னும் கொள்கைக்குத் தமிழ் அரண் செய்தது.

எனினும் மொத்த நிலை மகிழ்தற்குரியதன்று. குழந்தை மொழி பற்றிய நான்கு இதழ்களின் ஏறத்தாழ 45 ஆண்டுக் கட்டுரைகளை ஆராய்ந்த இவான் கிட்டும் ரோவெனா கார்சியாவும், அவற்றுள் இடம்பெற்ற மொழிகள் 103 அளவினவே என்று 2022-இல் வெளியிட்டனர். உலக மொழிகளில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. குழந்தை வளர்ச்சி பற்றிய மூன்று முதன்மை இதழ்களில் 2006 முதல் 2010 வரை ஆராயப்பெற்றோருள் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டோர் மேலை நாட்டினர் என்பது 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின் முடிவு.

இதன் விளைவைத் தலைப்புகளிலேயே காணலாம். ஆங்கிலக் குழந்தையைப் பற்றிய கட்டுரை பலகாலும் 'குழந்தைகள்' என்று பொதுப்பெயர் தாங்கி வருகின்றது; தமிழ்க் குழந்தையைப் பற்றியதோ 'தமிழிலிருந்து சான்று' என்று அடை தாங்கி வருகின்றது. அடை இடுதல் தவறன்று, நேர்மையும் ஆகும். அவ்வடையை ஒரு சாரார்க்கு மட்டும் விதித்தலே தவறு. டார்வின் தம் தலைப்பில் 'ஒரு குழந்தை' என்று எழுதினார். 'குழந்தைகள்' என்று எழுதவில்லை. இவ்வடக்கத்தை எல்லா நாட்டுக் கட்டுரைகளிடத்தும் இதழ்கள் வேண்டுதல் முறை.

நாம் செய்யத்தக்கன

இதழ்களின் குறையைக் கூறியதனால் நம் கடமை நீங்காது. தமிழ் பயின்றோர் குழந்தை உளநூலுக்கு எழுதும்பொழுது மூன்றனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

முதலாவது, குழந்தையின் கூற்றை அது கூறியவாறே தருதல். குழந்தை 'அம்மா போச்சு' என்றால், அதனைத் திருத்தி 'அம்மா போய்விட்டாள்' என்றோ, ஆங்கிலப் பெயர்ப்பாக மட்டுமோ தருதல் கூடாது. திணை, பால் காட்டும் ஈறு இன்னும் தோன்றவில்லையா, அன்றி வீட்டு வழக்கே அவ்வாறு உள்ளதா என்னும் வினா, கூற்று உள்ளவாறு இருந்தாலன்றி எழாது. மூல ஒலி, சொல் பிரிப்பு, பொருள் ஆகிய மூன்றும் வரிசையாக அமைதல் வேண்டும்.

இரண்டாவது, குழந்தையோடு பேசினோர் கூற்றையும் உடன் தருதல். இது டார்வின் விட்ட இடம். நாம் நிரப்பத்தக்க இடம்.

மூன்றாவது, இலக்கியத்தை அதற்குரிய இடத்தில் வைத்தல். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைக் காட்டி, குழந்தையின் வளர்ச்சி நிலைகளை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று எழுதுதல் எளிது. உவகை தருவதும் ஆகும். ஆயின் சப்பாணி கொட்டுதலும் வருகையும் அம்புலியும் தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக்கிப் பாடும் மரபின் உறுப்புகள். அவை பெரியோர் குழந்தையை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்குச் சிறந்த சான்று. குழந்தை யாது செய்தது என்பதற்குச் சான்றாகா. இவ்வேறுபாட்டை மறைத்து எழுதினால் பிள்ளைத்தமிழுக்கும் உளநூலுக்கும் ஒருங்கே தீங்கு செய்தவராவோம்.

முடிவுரை

இதழ்களின் விதிகள் காலந்தோறும் மாறும்; பக்க அளவும் மேற்கோள் முறையும் மாறும். கண்டது இது, கருதியது இது என்று பிரித்து வைக்கும் நெறி மாறாது. அந்நெறி வழி எழுதப்பெறும் தமிழ்க் கட்டுரை அளவிற் சிறிதாயினும், ஒரே இல்லத்தைப் பற்றியதாயினும், பின்வருவோர் ஆராய்தற்கும் மறுத்தற்கும் உரிய பொருளைத் தரும். மறுக்கப்பெறுதலுக்கு அஞ்சாத அத்தகைய கட்டுரைகள் நம் துறைகளினின்றும் மிகுதியாக எழுதல் வேண்டும் என்பதே நம் விழைவு.